பூசையில் வைத்த மூன்று பலகைகள்

மராட்டிய மண்ணில், லோஹேகாவில் விமானப்படைக் குடியிருப்பை ஒட்டி என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் தலைகளில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கீழே அமர்ந்தால் எழுவதற்கு ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டியிருக்கிறது. ஆயினும் திங்கள்தோறும் கூடிப் பதிகம் ஓதும் வழக்கத்தை நாம் விடவில்லை. கூப்பிய கையைப் பாடும் இடம் வந்தால் என் குரல் மட்டும் இறங்கிவிடுவதை உங்களில் சிலர் கவனித்திருக்கிறீர்கள்; காரணமும் கேட்டிருக்கிறீர்கள். தொண்டைக்கட்டு என்று சொல்லி வந்தேன். தொண்டையில் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசியில் நான் செய்த காரியமே காரணம்.

சமுதாயக் கூடம் உங்களுக்கு நினைவிருக்கும். தகரக் கூரை, பச்சை வண்ணம் உரிந்த கதவு, மழைக்காலம் முழுதும் ஈரம் குடித்து ஒரு மாதிரி நாறும் தேங்காய்நார்ப் பாய்கள். அங்கேதான் சர் கராத்தே வகுப்பு நடத்தினார். போசரியில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த மராட்டியர் அவர். பகல் ஷிப்ட் முடிந்ததும் மொபெட்டில் வந்து இறங்குவார். வெள்ளைச் சீருடை அணிந்த பின்னும் அவர் கைகளில் எந்திர எண்ணெய் வாடை இருக்கும்.

சுவரில் அவர் ஒட்டியிருந்த உலகப் படத்தை என்னால் இன்றும் கண்மூடிக் காண முடியும். பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கமாக ஒட்டிச் சேர்த்துத் தாமே வரைந்தது. ஜப்பானில் ஒருவன் மற்றொருவனைத் தோள்மேல் தூக்கி எறிந்துகொண்டிருப்பான். கொரியாவில் ஒரு கால் தலைக்கு மேலே எழும்பி நிற்கும். சீனத்தில் ஒருவன் கொக்கைப் போல் ஒற்றைக் காலில். தாய்லாந்தில் ஒருவன் முழங்கையை உயர்த்தி. பிரேசிலில் ஒருவன் கைகளைத் தரையில் ஊன்றித் தலைகீழாக. நம் நாட்டுக்கு வந்தபோது அவருக்கு இடம் போதவில்லை. கோல்ஹாப்பூர் மண்ணைப் பூசிய மல்லனையும், கேரளத்தில் வாளும் கேடயமும் ஏந்தியவனையும் நெருக்கி வரைந்துவிட்டு, தெற்கு மூலையில் கம்பு சுற்றும் ஒருவனைக் கட்டைவிரல் அளவில் சேர்த்திருந்தார். “அவன் உங்க ஆள்” என்று இந்தியில் சொல்லி என் அண்ணன் முதுகில் தட்டுவார்.

அவருக்கு இவற்றில் எது எவ்வளவு தெரியும் என்று பெற்றோர்க்குச் சந்தேகம் இருந்தது. பாதி புத்தகம், பாதி வீடியோ கேசட் என்று பேசிக்கொள்வார்கள். முதல் மாதம் முழுதும் அவர் கீழே விழுவதை மட்டுமே கற்பித்தார். இரண்டாம் மாதம் வணக்கம். ஜப்பானியர் குனியும் விதம், தாய்லாந்தில் கைகூப்பும் விதம், மல்லர்கள் மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்ளும் விதம் எல்லாவற்றையும் செய்து காட்டினார். “அடிப்பதற்கு முன் கும்பிடாத நாடு எதையும் நான் பார்க்கவில்லை” என்றார். விடியலில் திருநீறு பூசிப் பதிகம் சொல்லிய பின்பே காப்பி கிடைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் எத்தனை இனித்தது! கூடமும் ஒரு கோயில்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இந்த வகுப்பு சிரிப்புக்கு உரியதாக இருந்தது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள்.

“குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டுட்டு அப்புறம் அடிப்பானாம்! அடிக்கப் போறவனுக்கு என்னத்துக்குக் கும்பிடு?” என்பாள் அம்மா.

“வீட்டுல ரெண்டு கராத்தே இருக்கு. ஒரு கரப்பான்பூச்சி அடிக்க ஆளில்ல” என்பார் அப்பா.

ஆனால் அண்ணனை அங்கே சேர்த்தவர் அப்பாவேதான். அவர் விமானப்படையில் என்ஜின் பழுது பார்க்கும் பணியில் இருந்தார். இருபது ஆண்டுகளாக விமானங்களின் வயிற்றில் கை விட்டவர். ஒரு நாளும் அவற்றில் ஏறிப் பறந்தவரல்லர். தம் மகன் பறக்க வேண்டும் என்பது அவர் வாழ்வின் ஒரே வேண்டுதல். அண்ணனுக்குப் பதினாறு வயது. மறுஆண்டு அதிகாரித் தேர்வு எழுத இருந்தான். நேர்காணலில் துணிச்சலைக் காட்ட ஒரு சான்றிதழ் உதவும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.

அண்ணனுக்கோ அது அப்பாவின் ஆசை மட்டுமன்று. போர் விமானம் எழும்பும்போது கூடத்தின் தகரம் அதிரும். சர் எண்ணுவதை நிறுத்திவிடுவார். ஓசை அடங்கும்வரை எல்லோரும் நின்ற நிலையில் நிற்போம். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அண்ணன் மட்டும் கூரையைப் பார்த்தபடி, வலக்கையை இடுப்பருகே மெல்ல மடக்கி முன்னே தள்ளுவான், கண்ணுக்குத் தெரியாத நெம்புகோல் ஒன்றைப் பிடித்திருப்பவனைப் போல.

தசரா அன்று மேடையில் செய்து காட்டும் நிகழ்ச்சி என்று முடிவாயிற்று. ஒவ்வொரு நாட்டு வித்தையிலும் சிறிது. முடிவில் அண்ணன் மூன்று பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒரே குத்தில் உடைப்பான். பலகைகள் போசரியில் எந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளிலிருந்து பெயர்த்தவை. வெளுத்த மரம், பிசின் மணம், ஒரு முனையில் கறுப்பு மையில் ஏதோ எண்கள், இடையிடையே எண்ணெய்க் கறை. நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்னதாக சர் அவற்றை எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். எங்கள் மொட்டை மாடியில் நாள் முழுதும் வெயில் விழும். அண்ணனும் நானும்தான் அப்போது அங்கே இருந்தோம்.

“பாளா, ஊன் தே, பாணி நகோ” என்றார். குழந்தாய், வெயில் கொடு, தண்ணீர் வேண்டாம். பிறகு ஒரு பலகையை அண்ணன் உள்ளங்கையில் வைத்து எடையை உணரச் சொன்னார். காயக் காயக் கனம் குறையும், குறைந்த பின்பே அது உடையும், ஈரமான மரம் வளைந்து கொடுத்துக் கையைத் திருப்பி அடிக்கும் என்று விளக்கினார். நானும் ஒரு பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கேட்டேன், புரிந்துகொண்டேன். புரியவில்லை என்று நான் என்றுமே சொல்ல முடியாது.

நவமி வந்தது, ஆயுத பூசை. அண்ணன் ஒத்திகைக்காகக் காலையிலேயே கூடத்துக்குப் போய்விட்டான். அப்பா தம் ஸ்பானர்களைத் துடைத்து அடுக்கினார். அம்மா அரிவாள்மணையையும் கத்திகளையும் கொண்டுவந்து வைத்தாள். நான் என் புத்தகங்களை வைத்தேன். அப்போது அண்ணனுக்கென்று எதுவும் பூசையில் இல்லை என்பது என் கண்ணில் பட்டது. அவனுடைய ஆயுதம் எது? நாளை அவன் கைக்கு முன் இருக்கப் போகும் பலகைகள் அல்லவா? சுவாமியின் பார்வை அவற்றின்மேல் பட்டால் மூன்று என்ன, முப்பதும் உடையாதோ? மாடிக்கு ஓடி மூன்றையும் அணைத்து எடுத்து வந்தேன்.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, “ஏட்டி, எவன் எவன் கால் பட்ட கட்டையோ! கழுவாம சாமிகிட்ட எதையும் வைக்கப்பிடாது” என்றாள்.

அம்மாவுக்கு மரத்தின் எடையைப் பற்றி எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். சற்றே நின்றேன் என்பதும் நினைவிருக்கிறது. சுவாமிக்காகச் செய்வது எப்படிக் கெடுதலாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குத்துவிளக்கைத் துலக்குவது போல் புளியும் நாரும் கொண்டு தேய்த்தேன். எண்ணெய்க் கறை போகவில்லை. பெரிய அண்டாவில் தண்ணீர் நிறைத்துப் பலகைகளை அமிழ்த்தினேன். அவை மிதந்து மிதந்து மேலே வந்தன. அம்மிக் குழவியை மேலே ஏற்றி வைத்தேன். வடைக்கு அரைத்து, சுண்டல் தாளித்து, அப்பா குளித்து வரும் வரையிலும் அவை நீரில் கிடந்தன. பிறகு துண்டால் ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். மூன்றும் சிறுமியரைப் போல் அழகாக இருந்தன.

பிற்பகலில் அண்ணன் வந்தான். பூசையைப் பார்த்தான். முகம் மாறியது. மற்றவர் காதில் விழாதவாறு என்னிடம் குனிந்தான்.

“ஏட்டி, கழுவினியா?”

“இல்லண்ணே. துடைச்சேன்.”

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்து என் தலையில் கை வைத்தான். ஆனாலும் பலகைகளை எடுக்கக் கை நீட்டினான். மாலை வெயில் இன்னும் இருந்தது.

“என்னல செய்தே?” என்றார் அப்பா. “சாமிக்கு வச்சத இன்னைக்கு எடுக்கலாமா? நாளைக்குக் காலைல மறுபூசை முடிஞ்சுதாம்ல எடுக்கணும்.”

“ஒரு மணி நேரம் வெயில்ல போட்டுட்டுத் திரும்ப வச்சிருதேன்பா.”

“உனக்குப் பலகை பெருசா, சாமி பெருசா?”

அண்ணன் கையை இழுத்துக்கொண்டான். அந்த ஒரு மணி நேரத்தில் ‘தண்ணீரில் ஊறப் போட்டேன்’ என்று மூன்று சொற்களை நான் சொல்லியிருக்கலாம். பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் தசரா. சாமந்தித் தோரணங்கள், புழுதியும் வெயிலும், மேடைக்கு முன் மடக்கு நாற்காலிகள். மராட்டியர் வழக்கப்படி சர் எங்கள் எல்லோருக்கும் ஆப்டா மர இலையைப் பொன் என்று கொடுத்தார். இரண்டு பிளவாக, இதயம் போன்ற சிறு இலை. வாங்கியவர் பெரியவர்க்குத் திருப்பி ஓர் இலை கொடுத்துக் காலைத் தொட வேண்டும். கூட்டத்தில் என் முறை வருமுன் மைக்கில் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். என் இலை என் கையிலேயே தங்கிவிட்டது.

எல்லா நாடுகளும் ஒவ்வொன்றாக முடிந்தன. இரண்டு செங்கற்களின்மேல் மூன்று பலகைகள். மேலே என் குங்குமம். அண்ணன் அவற்றைத் தானே தூக்கி வைத்தான். தூக்கிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு வணங்கினான், மூச்சை இழுத்துக் குத்தினான்.

பலகைகள் உடையவில்லை. தாழ்ந்து, திரும்ப நிமிர்ந்தன. யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். சர் விரைந்து வந்து “தாம்ப், தாம்ப்” என்றார். நில் என்று பொருள். மேலிருந்த பலகையைத் தொடக் குனிந்தார்.

முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்து நின்றார். சுற்றிலும் அவருடைய பிரிவு அதிகாரிகள் இருந்தார்கள்.

“நிறுத்தாத! இன்னொண்ணு போடுல! பறக்கப் போறவன் கட்டைக்குப் பயப்படலாமா?”

அண்ணன் அப்பாவைப் பார்த்தான், சரைப் பார்த்தான். சர் தலையை அசைத்து மறுத்தார். அவன் குத்தினான். இம்முறை ஓர் ஓசை கேட்டது. மரத்தின் ஓசை அன்று அது. அவன் கத்தவில்லை. வலக்கையை இடக்கையால் ஏந்தியபடி, முறைப்படி குனிந்து சபையை வணங்கிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினான்.

சர் மேல்பலகையை எடுத்தார். கையில் நிறுத்தார். முகர்ந்தார். விரலில் ஒட்டிய சந்தனத்தைப் பார்த்தார். பிறகு மேடையோரத்தில் வெள்ளைச் சீருடையில் நின்ற என்னைப் பார்த்தார். ஐயமின்றி அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் உள்ளங்கையில் இருந்த இலையைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா மேடைக்கே ஏறிவிட்டார். தமிழில் தொடங்கி இந்திக்கு மாறினார். “இது என்ன கட்டை? எங்க கெடந்து நனைஞ்சத எம் பிள்ள கையில குடுத்தே? அத்தன நாட்டு வித்தையும் தெரியும்னு ஊர ஏமாத்துதியா?” சர் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும் அவருக்கு; பலகைகள் பத்து நாளாக உங்கள் மாடியில் வெயிலில் கிடந்தன என்று சொன்னால் போதும். குங்குமம் பதிந்த பலகையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். அவர் பிடித்திருந்தது பலகையை அன்று, என்னை என்று உணர எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

அந்த வாரமே குடியிருப்புக் குழு வகுப்பை மூடியது. அப்பா கடிதம் எழுதியிருந்தார். சர் வந்து உலகப் படத்தைப் பிய்த்துச் சுருட்டினார். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் தெற்கு மூலை மட்டும் கிழிந்து சுவரிலேயே நின்றது: கம்பு சுற்றும் அந்தக் கட்டைவிரல் மனிதன். நான் அதை நகத்தால் சுரண்டி எடுத்துப் பதிகப் புத்தகத்தில் வைத்திருந்தேன். ஏதோ ஒரு வீடு மாற்றத்தில் அதுவும் போயிற்று. சர் தளேகாவ் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள்.

அண்ணன் எழுத்துத் தேர்வில் தேறினான், நேர்காணலிலும் தேறினான். மருத்துவச் சோதனையில் அவன் கையை விரித்து மடக்கச் சொன்னார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் முழுதாக மடங்கவில்லை, விரித்தால் ஒன்றோடொன்று சேரவும் இல்லை. திரும்பி வந்த அன்று விமானங்கள் வழக்கம்போல் எழும்பின. அண்ணன் மேலே பார்க்கவில்லை. அதன் பின்பு அவன் மேலே பார்த்து நான் கண்டதில்லை. பட்டயப் படிப்பு முடித்து, போசரியில் எந்திர உறுப்புகளின் அளவு சரிபார்க்கும் வேலையில் அமர்ந்தான். பிசின் மணக்கும் பெட்டிகளுக்கு நடுவே. அப்பா கடைசிவரை ஆயுத பூசைதோறும் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஒரு ஏமாத்துக்காரன் எம் பிள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டான்.” நான் நைவேத்தியத் தட்டை ஏந்தியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இறைவன் முன்னிலையில் எத்தனையோ பாடல்களில் என்னைப் பாவி என்றும் பொய்யள் என்றும் பாடியிருக்கிறேன். பாட்டில் சொல்வது எளிது. வீட்டுக் கூடத்தில் அப்பாவிடம் சொல்ல நாவெழவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பின் ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அப்பா மறைந்தார். ஆளந்தியில், இந்திராயணிக் கரையில் அண்ணன் நீர்க்கடன் செய்தான். படித்துறையில் வெயில். சடங்கு செய்விக்க வந்த ஐயர் அவன் வலக்கையில் எள்ளை வைத்து நீர் வார்த்தார். மந்திரம் முடிவதற்குள் சுண்டுவிரல் இடுக்கு வழியே நீர் வடிந்து, எள்ளும் வடிந்து, கை வெறுமையாயிற்று. மீண்டும் வார்த்தார். மீண்டும் வடிந்தது. “விரலைச் சேர்த்து வச்சுக்கோங்கோ” என்றார் ஐயர். அண்ணன் சேர்க்க முயன்றான். முயலும்போது அவன் முகத்தில் தோன்றிய வெட்கத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க இயலவில்லை. படியில் இறங்கி அவனருகே அமர்ந்தேன்.

“அண்ணே, அன்னைக்குப் பலகைய நான் துடைக்கல. அண்டாவுல ஊறப் போட்டேன்.”

அவன் ஆற்றையே பார்த்தான். “தெரியும்ட்டி” என்றான். “தூக்கின உடனே தெரிஞ்சுது. அவ்வளவு கனம்.”

“தெரிஞ்சுமா அடிச்சே?”

“நனைஞ்சிருக்குன்னு சொன்னா யாரு நனைச்சான்னு அப்பா கேப்பாரு. அத்தன பேருக்கு முன்னாடி. நீ ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தே.” கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். “சாமி ஏதாவது செய்யும்னும் நெனச்சேன். நீதான் வச்சிருந்தியே.”

எனக்கு அழுகை வரவில்லை. “சர் எங்கே இருக்காரு? நான் போயி அவரு கால்ல விழணும்” என்றேன்.

“நான் வருசா வருசம் தசராவுக்குப் போவேன், இலை எடுத்துக்கிட்டு. வீட்டுல யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒவ்வொரு தடவையும் என் முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பாப்பாரு. ‘பஹிண் ஆலீ நாஹீ கா’ன்னு கேப்பாரு. தங்கச்சி வரலியான்னு.” எள் ஒட்டிய விரல்களைப் பார்த்தபடியே சொன்னான்: “போன மழைக்காலத்துல தவறிப் போயிட்டாரு.”

ஐயர் மூன்றாம் முறையாகச் செம்பைச் சாய்த்தார். நான் என் கையை அவன் கைக்கு அடியில் கொடுத்து, அந்த இரு விரல்களின் இடைவெளியை என் விரல்களால் அடைத்தேன்.

“அம்மா, பொம்மனாட்டிகள் கொஞ்சம் தள்ளி நிக்கணும்.”

“அவ கை இருக்கட்டும் சாமி” என்றான் அண்ணன்.

அவர் வார்த்தார். மந்திரம் முடியும்வரை நீர் நின்றது.